டிக்கியில் நாலு கோடு

துடைச்சது போதும்மா, உட்கார்ந்துக்கறேன். நீங்க இப்படி முந்தானையால நாற்காலியைத் துடைக்கத் துடைக்க எனக்கு எழுந்து ஓடிடலாம் போல இருக்கு. ஃபேனை என் பக்கம் திருப்பாதீங்க. கலர் சோடா எல்லாம் வேண்டாம். கடைக்கு ஆள் அனுப்பாதீங்கன்னா கேளுங்க. தண்ணி குடிச்சாச்சு, அது போதும்.

நீங்கதானே பூங்காவனம்? எங்க அப்பார்ட்மெண்ட் ரிஜிஸ்டர்ல, அவசரம்னா யாரைக் கூப்பிடணும்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல உங்க பேரும் இந்த அட்ரஸும் இருந்தது. அதை எழுதி எடுத்துக்கிட்டுத்தான் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறி மண்ணச்சநல்லூர் வந்து சேர்ந்தேன். உங்க வீட்டுக்காரர் பேர் அய்யாக்கண்ணுன்னே அந்த ரிஜிஸ்டரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஆறு வருஷம் எங்க கேட்ல நின்னார். ஆறு வருஷமும் "வாட்ச்மேன்"னுதான் கூப்பிட்டேன். முகத்தைச் சுளிக்காதீங்க, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

என் பேர் பிரமீளா. மூணாவது மாடி. கையை எடுங்க முதல்ல. கும்பிடாதீங்க. செருப்பைக் கழட்டறதுக்குள்ள வாசல்லயே கேட்டீங்களே, "அந்த மன்னிச்சுவிட்ட அம்மாவா நீங்க"ன்னு, அந்தப் பேச்சுக்குத்தான் நான் வந்ததே.

அவர் எத்தனை மணிக்கு வருவார்? நாலரையா? இப்ப மூணே முக்கால். நல்லதாப் போச்சு. எனக்குக் காத்துட்டு உட்கார்றது ஆகாது, ஆனா இது வேற. அவர் வர்றதுக்குள்ள உங்ககிட்ட சொல்லிடறேன். நீங்க அவருக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க. பெண்டாட்டி சொன்னா ஆம்பளைங்க கொஞ்சம் நிதானமா வாங்கிப்பாங்க. நான் நாலே கால் பஸ்ஸைப் பிடிச்சிடுவேன்.

எங்க கார் தெரியுமா உங்களுக்கு? தெரியாது, எப்படித் தெரியும். கருநீலக் கார். என் வீட்டுக்காரர் கிருபாகரன் ரிட்டயர் ஆனப்ப வாங்கினது. "வெள்ளை வாங்குங்க, அழுக்கு தெரிஞ்சாலும் கீறல் தெரியாது"ன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். "நீலம்தான் கம்பீரம்"னார். கம்பீரத்தைத் தினம் துடைக்கறது யாரு? உங்க வீட்டுக்காரர்தான். காலையில ஆறு மணிக்கு ஒரு பக்கெட் தண்ணி, ஒரு பழைய பனியன். சுத்தமாத்தான் துடைப்பார். நான் இல்லைன்னு சொல்லலை.

ஆனியில ஒரு நாள், வெயில் சாய்வா விழற நேரம், டிக்கி மேல பார்த்தா கோடு கோடா இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்லை. யாரோ முள்கரண்டியால இழுத்த மாதிரி. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. யார் கை தினம் அந்த வண்டி மேல படுது? வாட்ச்மேன் கை. அந்தக் கையில என்ன இருக்கு? செம்புக் காப்பு. முடிஞ்சது. எனக்கு ஒரு விஷயத்தை யோசிக்க ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகாது. ஸ்கூல்லயே அப்படித்தான். கேள்வியை முழுசாப் படிக்கறதுக்குள்ள விடை எழுதிடுவேன். சிஸ்டர் பெர்னதெத் சொல்வாங்க, "பிரமீளா, ரீட் த கொஸ்டின்"னு. அதை விடுங்க.

கூப்பிட்டேன். "வாட்ச்மேன், இது என்ன?"

பார்த்தார். குனிஞ்சு பார்த்தார். "தெரியலைம்மா"ன்னார்.

"கையில இரும்பு மாதிரி ஒண்ணை மாட்டிக்கிட்டு வண்டி துடைச்சா தெரியாமப் போகுமா? கழட்டிட்டுத் துடைக்கணும்னு தெரியாதா?"

"இது சமயபுரத்து ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டுப் போட்டதும்மா. பொண்ணுக்கு உடம்பு சரியில்லாதப்ப போட்டது. கழட்டக் கூடாது. துடைக்கறப்ப முழங்கை வரைக்கும் ஏத்தி விட்டுட்டுத்தான் துடைப்பேன்."

"அப்ப கோடு தானா முளைச்சுதா?"

நான் அப்படித்தான் கேட்டேன். கீழ் வீட்டு அம்மா, எதிர் வீட்டுப் பையன், பால்காரர், எல்லாரும் நிக்கறாங்க. அவர் திருப்பிப் பேசலை. பேசாம நின்னதே எனக்குச் சாட்சியாப் போச்சு. நேரா செகரட்டரி வைத்தியலிங்கம் சார்கிட்ட போனேன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்து ரிட்டயர் ஆனவர், எதுக்கும் மீட்டிங் போடுவார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி, கீழ பார்க்கிங்ல மீட்டிங். இவர் வேலையில இருக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணிடுவோம்"னார்.

ஆமாம்மா, அவர் உங்ககிட்ட சொன்னது சரிதான், மீட்டிங் வரைக்கும் கொண்டுபோனது நான்தான். அழாதீங்க. நான் இன்னும் விஷயத்துக்கே வரலை.

எனக்கு எதுவும் அரைகுறையா இருக்கக் கூடாது. மீட்டிங்ல யாராவது "காப்புதான்னு எப்படிச் சொல்றீங்க"ன்னு கேட்டா? அதனால கார் பெயிண்டுக்கு பாலிஷ் போடற ஒருத்தரை வரவழைச்சேன். பாலக்கரைக்காரர், இம்தியாஸ்னு பேர். வேன்ல மிஷின், விளக்கு எல்லாம் வச்சுக்கிட்டு வீட்டுக்கே வருவார். "வந்து பாருங்க, இது உலோகம் பட்ட கீறல்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, பாலிஷ் அப்புறம் போட்டுக்கலாம்"னேன். ஞாயித்துக்கிழமை பன்னெண்டரைக்கு வந்தார்.

தூணுக்கும் சுவருக்கும் நடுவுல வண்டி. "இங்க விளக்கு அடிச்சுப் பார்க்க முடியாதும்மா, கொஞ்சம் வெளிய எடுங்க"ன்னார். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்ல உட்கார்ந்தார். அவருக்கு ரிவர்ஸ் வராது. முப்பது வருஷமா வராது. நான்தான் பின்னாடி நின்னு சொல்லணும். "வரலாம்... வரலாம்... லெஃப்ட்ல ஒடிங்க... லெஃப்ட்டுங்க, அது ரைட்டு! வரலாம், வரலாம்..." பஸ் கண்டக்டர் தட்டற மாதிரி டிக்கியில தட்டிக்கிட்டே வருவேன். தட்டினாத்தான் அவருக்குக் காது கேட்கும். "போதும், போதும், ஸ்டாப்!" அதுக்கு மட்டும் பட்டுனு ஒண்ணு பலமா. இல்லைன்னா நிக்க மாட்டார்.

வண்டி நின்னுது. திரும்பிப் பார்த்தா அந்த இம்தியாஸ் வண்டியைப் பார்க்கலை. என் கையைப் பார்க்கறார்.

இந்தக் கையில அப்ப நாலு வளையல். வெட்டு வேலை செஞ்சது, ஓரம் எல்லாம் பல்லு பல்லா இருக்கும்.

அவர் விளக்கைப் போட்டார், டிக்கி மேல சாய்ச்சுப் பிடிச்சார். பகல் வெளிச்சத்துல தெரியாததெல்லாம் அந்த விளக்குல தெரியுதும்மா. நாலு கோடு. கொஞ்சம் தள்ளி நாலு கோடு. அதுக்குப் பக்கத்துல நாலு. எல்லாம் நாலு நாலா. புதுசா ஒரு நாலு, அதுல வெள்ளையா பொடி கூட ஒட்டிக்கிட்டிருந்தது.

"அம்மா, ஒரு தடவை கையை இங்க வைங்க"ன்னார்.

வைக்கலை நான். வைக்காமலே தெரிஞ்சுடுச்சு. உங்க வீட்டுக்காரர் கையில ஒத்தைக் காப்பு. என் கையில நாலு வளையல். இதுக்குக் கணக்கு தெரியணுமா என்ன?

கேளுங்க, இங்கதான் கேட்கணும் நீங்க. அந்த நிமிஷத்துல ஒரு மனுஷின்னா என்ன செய்யணும்? "அய்யோ, நான்தான்"னு சொல்லணும். நாலடி தள்ளித்தான் அவர் உட்கார்ந்திருக்கார், கேட் பக்கத்துல, ஸ்டூல் மேல. ஒரு குரல் குடுத்தாப் போதும். நானே சிரிச்சிருக்கலாம், அவரும் சிரிச்சிருப்பார். மாரல் சயின்ஸ்ல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வாங்கினவ நான். என் வாயில என்ன வந்துது தெரியுமா?

"இதை அஞ்சு மணிக்குள்ள எடுத்துட முடியுமா?"

அதுதான் வந்துது. குரல்கூட நடுங்கலை.

அந்த மனுஷன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எழுதிக் குடுக்கணும்னீங்களே?"ன்னார்.

"அது வேண்டாம். எடுக்க முடியுமா, முடியாதா?"

"முடியும்மா. ஆழமா இல்லை, மேல் பூச்சோட நிக்குது. ஆனா டிக்கியை மட்டும் பண்ணினா அந்த இடம் தனியாப் பளபளன்னு நிக்கும். பார்க்கறவங்களுக்கு அங்க என்னமோ நடந்திருக்குன்னு தெரிஞ்சுடும். பண்ணினா முழு வண்டியும் பண்ணணும். முழு வண்டிக்கு ரெண்டு நாள் வேணும்."

"நாலு மணி நேரம்தான் இருக்கு."

"அப்ப கண்ணுக்குப் படற இடம் மட்டும். மேல், பக்கம், பின்னாடி. கீழ விட்டுடலாம்." அப்புறம் குரலை இறக்கிக் கேட்டார், "வாட்ச்மேன் அண்ணன்கிட்ட நீங்க சொல்லிடுவீங்கல்ல?"

"அதை நான் பார்த்துக்கறேன். நீங்க வேலையைப் பாருங்க."

பார்த்தாரு. பாவம், சாப்பிடக்கூட இல்லை. முதல்ல தண்ணி அடிச்சு நுரை போட்டுக் கழுவினார். அப்புறம் மாவு மாதிரி ஒரு உருண்டை, அதை வச்சு வண்டி மேல தேய்ச்சுத் தேய்ச்சுத் தூசியெல்லாம் எடுத்தார். அப்புறம் மிஷின். வட்டமா ஒரு பஞ்சு, அதுல மருந்து தடவி, உய்யுனு சுத்துது. நான் பக்கத்துல நின்னு, "ஒரு மணி ஆச்சு, ஒண்ணரை ஆச்சு, இன்னும் கதவுக்கே வரலை"ன்னு விரட்டிக்கிட்டே இருந்தேன். "அவசரப்பட்டா சூடாகிப் பெயிண்ட் போயிடும்மா"ன்னார். "போனாப் போகட்டும், கோடு போகணும்"னு சொன்னேன். சொந்த வண்டிக்கு யாராவது இப்படிச் சொல்வாங்களா?

அந்தத் தண்ணி யார் கொண்டு வந்தது தெரியுமா?

உங்க வீட்டுக்காரர்தான். பக்கெட் பக்கெட்டா. மோட்டார் ரூம்ல இருந்து மிஷினுக்கு ஒயர் இழுத்துக் குடுத்ததும் அவர்தான். யாரும் சொல்லலை. அவர் கேட்ல யார் வேலை செஞ்சாலும் அப்படித்தான் கூட நிப்பார். ரெண்டாவது பக்கெட் வைக்கறப்ப தயங்கித் தயங்கி என்கிட்ட கேட்டார். "அம்மா, மீட்டிங் முடிஞ்சு இதைப் பண்ணலாமே. சாருங்க எல்லாம் ஒரு தடவை அந்தக் கோட்டைப் பார்த்துடட்டும்."

அவருக்குத் தெரிஞ்சிருக்கும்மா! நாலு நாலா இருக்குன்னு எனக்கு முன்னாடியே அவர் பார்த்து வச்சிருக்கார். வளையல்னு தோணுச்சோ இல்லையோ, தன் காப்பு இல்லைன்னு நிரூபிக்க அது போதும்னு தெரிஞ்சிருக்கு. மீட்டிங்ல காட்டலாம்னு வச்சிருந்தார். அதைத்தான் கேட்டார், கெஞ்சற மாதிரிகூட இல்லை, சாதாரணமா.

நான் என்ன சொன்னேன்? "எங்க வண்டி. எங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப பண்ணுவோம்."

"சரிம்மா"ன்னார். போய் மூணாவது பக்கெட் கொண்டு வந்தார்.

எனக்கு வீசிக்கிட்டிருந்த விசிறியை ஏன் கீழ வச்சுட்டீங்க? வையுங்க, பரவாயில்லை. எனக்குத்தான் வேர்க்குது, எனக்குத்தானே வேர்க்கணும்.

நாலே முக்காலுக்கு முடிஞ்சுது. வண்டி கண்ணாடி மாதிரி நிக்குது. டிக்கியில என் முகம் தெரியுது, பொட்டு கோணலா இருக்கறதுகூடத் தெரியுது. இம்தியாஸ் சாமானையெல்லாம் எடுத்து வச்சுட்டுப் போறப்ப உங்க வீட்டுக்காரர் தோளைத் தட்டி, "வர்றேன்ணே"ன்னு சொல்லிட்டுப் போனார். என்கிட்ட சொல்லலை.

அஞ்சு மணிக்கு மீட்டிங். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இருபது பேர். உங்க வீட்டுக்காரர் சட்டையை மாத்திட்டு, தலையைப் படிய வாரிட்டு வந்து நின்னார். வைத்தியலிங்கம் சார், "என்னப்பா சொல்றே?"ன்னார்.

"சார், அம்மா பொய் சொல்லலை. கோடு இருந்துச்சு. ஆனா அது நாலு நாலா இருந்துச்சு சார். எனக்கு ஒத்தைக் காப்பு. நீங்களே பார்த்தா..." கையை நீட்டி வண்டிப் பக்கம் காட்டறார். எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. வண்டி ஜொலிக்குது.

"அம்மா பொய் சொல்லலை"ன்னாரும்மா. அதுதான் முதல்ல சொன்னார்.

எதிர் வீட்டுப் பையன், "ஆன்ட்டி, கோடு எங்க?"ன்னான். எல்லாக் கண்ணும் என் மேல. எழுந்து நின்னேன். நிஜமாச் சொல்றேன், உண்மையைச் சொல்லத்தான் எழுந்தேன். எழுந்தப்ப அதுதான் வாயில இருந்தது. ஆனா இருபது பேர், கீழ் வீட்டு அம்மா முதல் வரிசையில, அவளுக்கும் எனக்கும் தண்ணித் தொட்டி விஷயத்துல ஆகாது, அவ உதட்டுல ஒரு சிரிப்பு... அது வேற ஒண்ணா மாறி வந்துடுச்சு.

"நான் பாலிஷ் போட்டு எடுத்துட்டேன். விடுங்க. வயசானவர். ஏதோ தெரியாம நடந்துடுச்சு. நான் மன்னிச்சுட்டேன்."

கை தட்டினாங்கம்மா. வைத்தியலிங்கம் சார், "படிச்சவங்க படிச்சவங்கதான்"னார். அந்தக் கீழ் வீட்டு அம்மாகூடத் தட்டினா. எனக்கு... வெக்கமா இருந்ததுன்னு சொன்னா நம்பாதீங்க. அந்த நிமிஷம் நல்லா இருந்தது. அதுதான் இப்ப நினைச்சா உடம்பு கூசுது. கோட்டை அழிச்சதைவிட அந்தக் கைதட்டல்தான் கூசுது.

"அப்ப ஒரு சாரி சொல்லிட்டு வேலையைப் பாருப்பா"ன்னார் செகரட்டரி.

"எதுக்கு சார்?"

"அம்மா மன்னிச்சுட்டாங்கல்ல."

"மன்னிக்க நான் என்ன சார் செஞ்சேன்?"

உங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கைப்பையில கர்ச்சீப் தேடினேன். விசிலையும் சாவிக்கொத்தையும் ஸ்டூல் மேல வச்சார். சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். "ரோஷத்தைப் பாரு"ன்னு யாரோ சொன்னாங்க. நானும் தலையை ஆட்டினேன்.

மேல போனதும் என் வீட்டுக்காரர் ஷர்ட்டைக் கழட்டிக்கிட்டே சொல்றார், "பிரமீ, நான் ரிவர்ஸ் எடுக்கறப்ப கண்ணாடியிலதான் பார்ப்பேன். நீ தட்டறது மூணு வருஷமாத் தெரியும்."

"பின்ன ஏன் வாயைத் திறக்கலை?"

"திறந்தா நீ விடுவியா?"

அவ்வளவுதான் அவர் பேசினது. நான்தான் ஒரு மணி நேரம் பேசினேன்.

அப்பவே வந்திருக்கணும். வரலை. நாலு மாசம். ஏன் இப்ப வந்தேன்னா, அசோசியேஷன்ல என்னை ஒரு கமிட்டிக்குத் தலைவியாப் போட்டுட்டாங்க. வேலைக்காரங்க மேல புகார் வந்தா நான் விசாரிக்கணுமாம். "நீங்கதான் பெருந்தன்மையா நடந்துப்பீங்க"ன்னு குரூப்ல எழுதி, ரெண்டு பூங்கொத்து படம் வேற. போன வாரம் மாடிப்படி பெருக்கற பொண்ணைக் கொண்டு வந்து என் முன்னாடி நிறுத்தினாங்க. யாரோட கொலுசோ காணோமாம். அவ என் முகத்தைப் பார்க்கறா, நான் என்ன சொல்லப் போறேன்னு. "எனக்கு வயித்துவலி"ன்னு சொல்லிட்டு உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டேன். மறுநாள் ரிஜிஸ்டரை எடுத்தேன்.

முடிஞ்சுது. இதுதான் விஷயம். வேலைக்குத் திரும்பக் கூப்பிடச் சொல்லி செகரட்டரிகிட்ட நான் பேசிடறேன். என்ன காரணம்னு சொல்லாமலே பேசிடுவேன், அதெல்லாம் எனக்கு வரும். நீங்க அவர்கிட்ட மெதுவா, சாப்பிட்டு முடிச்சதும்...

என்னம்மா? பேசுங்களேன். இவ்வளவு நேரம் நான் பேசிட்டேன்.

அவரைத் திட்டினீங்களா? எப்ப? அன்னைக்கு ராத்திரியேவா?

"ஒரு பெரிய மனுஷி மன்னிச்சு விட்டதுக்கு, ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுட்டு வர வாய் வரலையா உனக்கு"ன்னு... இந்த வாசல்ல நிக்க வச்சா? தெருவே பார்த்துச்சா? அவர் "நான் செய்யலைடி"ன்னப்ப, "செய்யாமலா அந்த அம்மா மன்னிச்சாங்க"ன்னு கேட்டீங்களா?

காப்பு? "அதாலதானே எல்லாம், கழட்டித் தொலை"ன்னு நீங்கதான் சொன்னீங்களா. சமயபுரத்து உண்டியல்லயே போட்டுட்டு வந்தாரா. பொண்ணுக்காகப் போட்டதை.

அதுக்கு மேல நாலு மாசமா அந்த மனுஷன் உங்ககிட்டயும் எதுவும் சொல்லலை. அரிசி மில்லுல மூட்டை தூக்கறாரா, அம்பத்தெட்டு வயசுல.

எங்க எழுந்து போறீங்க? பூங்காவனம், எங்கேம்மா? யாரைக் கூப்பிடறீங்க?

இல்லை, வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரங்களை எதுக்கு... அவங்களும்தான் கேட்டாங்களா? அன்னைக்குத் தெருவே கேட்டுச்சு, இன்னைக்கும் கேட்கட்டும்ங்கறீங்க. நீங்க சொன்னா யாரும் நம்ப மாட்டாங்களா. புருஷனுக்காகப் பெண்டாட்டி கட்டின கதைம்பாங்களா. நான்தான் சொல்லணுமா.

எனக்கு நாலே காலுக்கு பஸ்... மணி என்ன? நாலு இருபத்தஞ்சா? சரி. போச்சு.

முதல்ல இருந்தா? அந்த மீட்டிங், கீழ் வீட்டு அம்மா, என் வீட்டுக்காரருக்கு ரிவர்ஸ் வராதது, அதெல்லாமா? வேண்டாமா. அதெல்லாம் வேண்டாம். நீங்க சொல்றது சரி, அதையெல்லாம் எனக்காகத்தான் சொன்னேன்.

வாங்க. வாங்கம்மா, நிழலுக்கு வாங்க. அந்தக் குழந்தையைத் தூக்கிக்கோங்க. பெரியவருக்கு வழி விடுங்க. யாரு இந்த மேடம்னு கேட்காதீங்க, சொல்றேன்.

அங்க சைக்கிளைத் தள்ளிட்டு வர்றது அவர்தானே? எப்படி இளைச்சுட்டார். தலையெல்லாம் தவிடு. என்னைப் பார்த்துட்டார். நின்னுட்டார் பாருங்க. வரச் சொல்லுங்க. இல்லை, நானே கூப்பிடறேன்.

அய்யாக்கண்ணு, வாங்க. டிக்கியில இருந்த கோடு என் வளையல் கோடு. மீட்டிங்குக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அழிச்சேன்.